முதல் வரியில் சங்கீதா

வினிபெக், கனடா
3-12-2006

அன்புள்ள மச்சானுக்கு,

வணக்கம். நானும் சங்கீதாவும் இங்கே சௌக்கியம். உங்கள் உடம்பு, வேலை, கேம்ப் சாப்பாடு எல்லாம் எப்படி என்று எழுதவும்.

கல்யாணம் முடிந்து அக்டோபரில் துபாய் வழியாக வந்தபோது, ஜுமைரா கடற்கரையில் பாறைச் சந்துக்குள் ஒரு பச்சை டப்பாவை நாம் மூவரும் ஒளித்து வைத்தோமே, அது விஷயமாகத்தான் எழுதுகிறேன். நீங்கள் அன்றைக்கு "சின்னப்பிள்ளை விளையாட்டு" என்று சிரித்தீர்கள். ஜியோகேச்சிங் என்பது உலகம் முழுக்க நடக்கிற ஆட்டம். ஒருவர் பெட்டியை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் கருவியோடு தேடிக் கண்டுபிடித்து, உள்ளே உள்ள நோட்டில் பெயர், தேதி, நேரம் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள். உள்ளே இருக்கும் சின்னச் சாமான் ஒன்றை எடுத்தால் பதிலுக்கு ஒன்றை வைக்க வேண்டும்.

வெளியூர்க்காரன் பெட்டி வைத்தால் அதைப் பார்த்துக்கொள்ள உள்ளூரில் ஆள் வேண்டும் என்பது விதி. உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை போய், ஈரம் இருந்தால் துடையுங்கள். நோட்டில் புதிதாக எழுதியிருப்பதை எழுத்து மாறாமல் பார்த்து எழுதி எனக்கு அனுப்புங்கள். போகாமலே போனதாக இணையத்தில் புளுகுகிறவர்கள் உண்டு, ஒத்துப் பார்க்க வேண்டும். உங்களுக்கு ஆங்கிலம் புரியாவிட்டால் பரவாயில்லை. எல்லாரும் "நல்ல இடம், நன்றி" என்றுதான் எழுதுவார்கள்.

இங்கே பெட்டிகள் எல்லாம் பனிக்கு அடியில் கிடக்கின்றன. உங்களுக்கு அங்கே காற்று வாங்கப் போகிற மாதிரிதான்.

இப்படிக்கு,
ரவிசங்கர்

அண்ணே, நான் சங்கீதா. கடைசியில நாலு வரி எழுதிக்கன்னு இடம் விட்டிருக்காரு. இங்க மூக்குக்குள்ள இருக்கிற முடி கூட உறையுது, சத்தியமா! வீட்டுக்குள்ள சூடு, வெளிய போனா செத்தோம். துபாய் தேரா கடைத்தெருவுல நீ வாங்கிக் குடுத்த பட்டாம்பூச்சி கிளிப்பைத்தான் தினம் போடுறேன். தொப்பி போட்டா அது தெரியாது, ஆனாலும் போடுறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.


சோனாப்பூர், துபாய்
24-12-2006

அன்புள்ள மாப்பிள்ளைக்கும் தங்கச்சி சங்கீதாவுக்கும்,

வைரவன் எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் இருவர் சுகத்தையும் எழுத வேண்டியது.

காற்று வாங்கப் போகிற மாதிரி என்று எழுதிவிட்டீர்கள். ஆறு நாளும் நான் கட்டடத்தில் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிறவன், மாப்பிள்ளை. ஏழாம் நாள் இரண்டு பஸ் மாறி, அதற்கு மேல் முக்கால் மணி நேரம் நடந்தால்தான் உங்கள் பாறை. அங்கே ஒரு காவல்காரன், பாகிஸ்தானி. "பாய், ஃபேமிலி ஒன்லி, யல்லா யல்லா" என்று கையை ஆட்டி விரட்டினான். பேச்சுலர் கூட்டம் வெள்ளிக்கிழமை கடற்கரையில் உட்காரக் கூடாதாம். "எனக்கும் ஃபேமிலிதான்யா, அந்தப் பாறைக்குள்ள இருக்கு" என்று தமிழிலேயே சொன்னேன். அவனுக்கு என்ன புரிந்ததோ, போய்த் தொலை என்று விட்டான்.

பொய் சொல்லவில்லை. நோட்டைத் திறந்தால் முதல் வரியில் தமிழிலும் இங்கிலீஷிலும் "சங்கீதா" என்று பாப்பா கையெழுத்து இருக்கிறது. "ங்" மேல் அவள் வைக்கிற புள்ளி எப்போதும் பூசணிக்காய் அளவு. பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பாவும் அம்மாவும் போனபிறகு சிலேட்டில் கைபிடித்து எழுதச் சொல்லிக் கொடுத்தது நான்தானே. அதனால் மாதத்துக்கு ஒன்று என்ன, முடிந்த வெள்ளியெல்லாம் போகிறேன்.

இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். தனித்தாளில் பார்த்து எழுதி வைத்திருக்கிறேன்.

பாப்பா, காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உங்கள் இருவரையும் வாழ்த்தும்,
வைரவன்


வினிபெக்
14-1-2007

அன்புள்ள மச்சானுக்கு,

பொங்கல் வாழ்த்துகள். இருவரும் நலம். உங்களுக்கும் ஒரு குறைவும் இல்லை என்று நினைக்கிறேன்.

தாள் வந்தது. இரண்டாவது ஆள் எழுதிய நேரத்தை விட்டுவிட்டீர்கள். பெயர், தேதி, நேரம் மூன்றும் வேண்டும். இந்த ஆட்டத்தில் நேரம் முக்கியம்.

குளிர்காலம் முடிவதற்குள் ஐந்நூறு பெட்டி தொட வேண்டும் என்று இருக்கிறேன். கோடையில் யாரும் தேடலாம். மைனஸ் முப்பதில் தேடுகிறவனுக்குத்தான் இங்குள்ள குழுவில் மரியாதை. சாதாரண பேட்டரி குளிரில் கால் மணி நேரத்தில் செத்துவிடும், அதனால் லித்தியம் பேட்டரி வாங்கியிருக்கிறேன். சங்கீதாவுக்கும் என் பழைய கருவியைக் கொடுத்துப் பழக்குகிறேன். கொஞ்சம் மெதுவு, ஆனால் வந்துவிடுவாள்.

ரவிசங்கர்

அண்ணே, அவருக்கு லித்தியம், எனக்கு சாதா பேட்டரி! அக்குள்ல வச்சு சூடு பண்ணிப் பண்ணிப் போடணும், கோழி அடைகாக்கிற மாதிரி. காட்டுல ரெண்டு பேரும் ரெண்டு பக்கமா பிரிஞ்சு தேடுனா எண்ணிக்கை சீக்கிரம் ஏறுமாம். போன சனிக்கிழமை என்னை ஒரு பக்கம் இறக்கிவிட்டுட்டு, காரை எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டாரு. எங்க பாத்தாலும் வெள்ளை அண்ணே. வந்த வழி எது, போற வழி எதுன்னே தெரியல. அழுதுட்டேன். கண்ணீர் கன்னத்துலயே உறைஞ்சு போச்சு. இதை அவரும் படிப்பாரு, படிக்கட்டும்.


சோனாப்பூர்
4-2-2007

மாப்பிள்ளைக்கு,

நான் சுகம். உங்கள் சுகம் இருக்கட்டும், முதலில் என் கோபத்தைக் கேளுங்கள்.

அவள் வெயிலில் வளர்ந்த பிள்ளை. சிவகங்கையில் மார்கழிப் பனிக்கே போர்வையை விட்டு எழுந்திருக்க மாட்டாள். அவளைப் பனிக்காட்டில் தனியாக இறக்கிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போவதா? ஆட்டம் ஆடுங்கள், யார் வேண்டாம் என்றது? அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடுங்கள். ஐந்நூறு வராவிட்டால் நானூறு வரட்டும், என்ன கெட்டுப்போச்சு?

தேராவில் விசாரித்து அந்த லித்தியம் பேட்டரியே நான்கு வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். இது பாப்பாவின் கருவிக்கு மட்டும். சொல்லிவிட்டேன்.

அறையில் என்னோடு இருக்கும் பாஸ்கர், நாகப்பட்டினத்துக்காரன், பி.காம் படித்தவன், "உன் மாப்பிள்ளைக்கு இப்படியா எழுதுவே, கோவிச்சுக்கப் போறாரு" என்கிறான். கோபித்துக்கொண்டால் பிறகு சமாதானம் செய்துகொள்கிறேன். பெரியவன் சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி பத்திரம். புதிதாக யாரும் வரவில்லை.

வைரவன்


வினிபெக்
11-3-2007

அன்புள்ள மச்சானுக்கு,

வணக்கம். இங்கே குளிர் இன்னும் விடவில்லை. உங்கள் உடல்நலம் பார்த்துக்கொள்ளவும்.

கடிதமும் பேட்டரியும் கிடைத்தன. நன்றி. நல்ல சரக்கு, மைனஸ் இருபத்தெட்டிலும் நாள் முழுக்க உழைக்கிறது.

ஐந்நூறு முடிந்துவிட்டது. ஐந்நூறாவது பெட்டியைக் கண்டுபிடித்து நோட்டில் எழுதியது சங்கீதாதான். நாங்கள் இருவரும் ஒரே பெயரில் ஆடுவதால் அது என் எண்ணிக்கையில் சேரும்.

வீடு மாறுகிறேன். பழைய போன் நம்பர் இனி வேலை செய்யாது. தபால் பெட்டி எண்ணுக்கே எழுதவும். சங்கீதாவிடமிருந்து இந்தத் தடவை தனியாக எதுவும் இல்லை.

பெட்டியில் வைப்பதற்குச் சின்னச் சாமான்கள் கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன். எல்லாவற்றையும் உள்ளே வைத்துவிடவும். பிள்ளைகள் எடுத்துப் போவார்கள்.

ரவிசங்கர்


சோனாப்பூர்
1-4-2007

அன்புள்ள மாப்பிள்ளைக்கும் தங்கச்சிக்கும்,

இங்கே நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

போன தடவை கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன், மனதில் வைக்காதீர்கள். பாப்பாவுக்கு என் மேல் கோபமா? புருஷனைத் திட்டினால் எந்தப் பெண்ணுக்கும் வரும்தான். அதற்காக ஒரு வரி கூடவா எழுதக் கூடாது? அந்த ஐந்நூறைக் கண்டுபிடித்தது அவள்தானாமே! அறையில் எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன்.

நீங்கள் அனுப்பிய சாமான்களில் அந்தப் பட்டாம்பூச்சி கிளிப்பும் இருக்கிறது. தெரியாமல் வந்துவிட்டதா? ஒரு வாரம் அறையில் என் டிரங்குப் பெட்டியிலேயே வைத்திருந்தேன். பிறகு "எல்லாவற்றையும் வைக்கவும்" என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தேன். அவளுக்கு அலுத்துப்போயிருக்கும், வேறு நல்லது வாங்கிக் கொடுத்திருப்பீர்கள் என்று நினைத்து வெள்ளிக்கிழமை உள்ளே வைத்துவிட்டேன். வைக்கும்போது மனசுக்கு என்னமோ போல் இருந்தது.

பழைய நம்பருக்கு இரண்டு தடவை போன் கார்டு போட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன், போகவில்லை. புது நம்பர் வந்ததும் எழுதுங்கள். பாப்பா, ரெண்டே வரி எழுதடி. "சௌக்கியம்" என்று ஒரு சொல் போதும்.

வைரவன்


சோனாப்பூர்
29-4-2007

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வெயில் ஏறிவிட்டது, மற்றபடி நலம். போன கடிதத்துக்கே பதில் இல்லை. இருந்தாலும் சந்தோஷம் தாங்காமல் எழுதுகிறேன்.

நேற்று முன்தினம் பெட்டியைப் பார்த்தேன். உங்கள் ஊர்க்காரர்கள் வந்துபோயிருக்கிறார்கள்! "வினிபெக்" என்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். அரைப் பக்கம் எழுதியிருக்கிறார்கள். அதில் மூன்று இடத்தில் பாப்பா பெயர் வருகிறது, மாப்பிள்ளை! துபாய் வரைக்கும் வந்து என் தங்கச்சியைப் பற்றி வெள்ளைக்காரன் எழுதுகிறான் என்றால், அங்கே அவள் எவ்வளவு பெரிய ஆள் ஆகியிருக்க வேண்டும்! கிளிப்பை அவர்கள் வீட்டுப் பிள்ளை எடுத்துக்கொண்டு ஒரு மரப் பொம்மையை வைத்திருக்கிறது.

என்ன எழுதியிருக்கிறது என்று பாஸ்கரிடம் என் தாளைக் காட்டினேன். படித்தான். திரும்பவும் படித்தான். "நல்லாத்தான்ணே எழுதியிருக்கு. மாப்பிள்ளைக்கு அனுப்புங்க, அவரே வெவரமா சொல்வாரு" என்று எழுந்து போய்விட்டான். சாயங்காலம் கடையிலிருந்து எனக்கு பிரியாணி வாங்கி வந்தான். கீழ்க் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு மேலே ஏறிப் படுத்துக்கொண்டான். ஒரு வருஷமாக அந்தக் கட்டிலுக்கு என்னோடு மல்லுக்கு நின்றவன், என்ன வந்ததோ தெரியவில்லை.

தாளை இதோடு வைத்திருக்கிறேன். இந்தத் தடவை பெயர், தேதி, நேரம், காற்புள்ளி எதுவும் விடவில்லை. பாப்பாவை உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுத வேண்டும்.

வைரவன்


வினிபெக்
20-5-2007

மச்சானுக்கு,

அந்தப் பக்கத்தை நோட்டிலிருந்து கிழித்து எரித்துவிடவும். முடிந்தால் நோட்டையே எரித்துவிட்டுப் புதிது வைக்கவும். வேறு யாரிடமும் காட்ட வேண்டாம். அவர்கள் ஆளை மாற்றி நினைத்துக்கொண்டு எதையோ எழுதியிருக்கிறார்கள். பெட்டி வைத்தவன் என்ற முறையில் அதை நீக்க எனக்கு உரிமை உண்டு.

எரித்தது பற்றி உடனே எழுதவும். மற்றவை பிறகு.

ரவிசங்கர்


சோனாப்பூர்
8-6-2007

ரவிசங்கருக்கு,

உங்கள் கடிதத்தை பாஸ்கர் கையில் கொடுத்தேன். "எரிக்கிற அளவுக்கு அதில என்னடா இருக்கு? எனக்கு இப்பத் தெரியணும்" என்றேன். அவன் என் காலைப் பிடித்துக்கொண்டான். "என்னால சொல்ல முடியலண்ணே, மன்னிச்சிருங்க" என்று அழுதான். அன்றைக்கு இரண்டு தடவை படித்தது மறக்கவே இல்லையாம், வரி வரியாகச் சொன்னான். என் கையாலேயே எழுத்து மாறாமல் எழுதி உங்களுக்கு அனுப்பியதை, ஆறு வாரம் கழித்து நான் தெரிந்துகொண்டேன்.

பிப்ரவரி பத்தாம் தேதி இரவு சங்கீதாவைத் தேடிப் போனவர்களாம் அவர்கள். விடிந்த பிறகுதான் கிடைத்தாளாம். கையில் இருந்த கருவி அணைந்து கிடந்ததாம். சாலையோரத்தில் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி நடந்த காலடிகள் இருந்தனவாம். யாருக்கோ ரொம்ப நேரம் காத்திருந்துவிட்டு, பிறகு காற்றுக்குப் பயந்து மரங்களுக்குள் திரும்பிப் போயிருக்கிறாளாம். "இந்த நோட்டின் முதல் வரியில் அவள் பெயரைக் கண்டோம். கடலைப் பார்த்து அதை உரக்கப் படித்தோம்" என்று முடித்திருக்கிறார்கள். யாரோ பெற்ற பிள்ளைகள். அவர்களாவது படித்தார்களே.

பாஸ்கர் என்னை நெட் கடைக்குக் கூட்டிப்போனான். உங்கள் பெயரைப் போட்டான். நேரம் முக்கியம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள்தான், அதனால் நேரத்தைப் பார்த்தோம். பிப்ரவரி பத்து. மூன்று நாற்பதுக்கு ஒரு பெட்டி. நாலரைக்கு ஒன்று. ஐந்து இருபதுக்கு ஒன்று. "நல்ல வேட்டை" என்று போட்டிருக்கிறீர்கள். நாலாவதாக, ஐந்நூறாவது என்று ஒன்று, மூன்று இருபதுக்கு. அது அவள் கண்டுபிடித்தது, நீங்களே எழுதியிருந்தீர்கள். பழைய கருவியோடும் செத்த பேட்டரியோடும் அவள் தேடியதைத் தேடி எடுத்து, எழுதிவிட்டு, நீங்கள் சொன்ன இடத்துக்குச் சரியாக வந்து நின்றிருக்கிறாள். வராதது நீங்கள். அவள் போனபிறகு அதையும் உங்கள் பெயரில் ஏற்றி ஐந்நூறு என்று கொண்டாடியிருக்கிறீர்கள்.

திருச்சியில் உங்கள் அம்மாவுக்குப் போன் போட்டேன். "காரியமெல்லாம் அங்கயே முடிஞ்சுதே தம்பி, உங்களுக்கு அவன் எழுதலையா?" என்றார்கள்.

பிறந்த வீட்டுக் கோடி இல்லாமல் அவளை அனுப்பினீர்களே. ஒரு முழத் துணி. அண்ணன் நான் ஒருத்தன் உயிரோடு இருக்கும்போது.

இரண்டு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள். அவளை எத்தனை மணிக்கு வந்து ஏற்றிக்கொள்வதாகச் சொன்னீர்கள்? எனக்கு ஏன் சொல்லவில்லை?

வைரவன்


வினிபெக்
1-7-2007

மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் என்னைக் கொலைகாரனாக நினைக்கிறீர்கள். போலீஸ் விசாரித்து விபத்து என்றுதான் முடித்தது.

நான்கு மணி என்று சொல்லியிருந்தேன். இரண்டு பெட்டிகள் அருகருகே இருந்ததால் தாமதமாகிவிட்டது. அவளும் எப்போதும் தாமதமாக வருகிறவள், அதனால் அவசரப்படவில்லை. ஐந்தே முக்காலுக்கு வந்தபோது அவள் அங்கே இல்லை. அரை மணி நேரம் ஹாரன் அடித்தேன். காத்திருக்கச் சொன்ன இடத்திலேயே நின்றிருக்கலாம்.

உங்களுக்கு எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். அப்போது பேட்டரியோடு உங்கள் கடிதம் வந்தது. அதற்கு மேல் எப்படி எழுதுவது? தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டபின் இன்னும் கடினமாகிவிட்டது. சொன்னால் நீங்கள் பெட்டியைக் கவனிப்பதையும் விட்டுவிடுவீர்கள் என்று ஒரு நினைப்பும் இருந்தது, மறைக்கவில்லை. அந்தக் கரையில் என் பெயரில் இருக்கும் ஒரே பெட்டி அது.

கிளிப்பைப் பார்க்க முடியவில்லை, அதனால் அனுப்பினேன். போனது போகட்டும். அம்மாவின் வற்புறுத்தலால் நவம்பரில் ஊருக்கு வருகிறேன். நோட்டை எரித்துவிட்டீர்களா?

ரவிசங்கர்


சோனாப்பூர்
27-7-2007

ரவிசங்கருக்கு,

உங்கள் சுகத்தை நான் விசாரிக்கவில்லை. நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள். ரொம்ப நாள் இருக்க வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை சுத்தியலோடு போனேன். டப்பாவை நொறுக்கிக் கடலில் எறிந்துவிட்டு வருவதாகத்தான் கிளம்பினேன். ஜூலை வெயிலில் கரையில் ஒரு குருவி இல்லை. அந்தக் காவல்காரன் மட்டும் நிழலில் இருந்தான். என் முகத்தைப் பார்த்து "கியா ஹுவா பாய்?", என்ன ஆச்சு என்றான். "பஹன் மர் கயி", தங்கச்சி செத்துப்போச்சு என்றேன். தெரிந்த நாளிலிருந்து அதை வாயால் சொன்னது அன்றைக்குத்தான். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, பாறை வரைக்கும் என்னோடு நடந்து வந்தான்.

திறந்தேன். முதல் வரியில் பாப்பா இருந்தாள், அந்தப் பூசணிக்காய்ப் புள்ளியோடு. சுத்தியலைக் கீழே போட்டுவிட்டேன்.

நோட்டை எரிக்கவில்லை. எரிக்க மாட்டேன். நோட்டில் புதிதாக எழுதியிருப்பதை எழுத்து மாறாமல் அனுப்ப வேண்டும் என்பது உங்கள் உத்தரவு. இந்த மாதம் புதிதாக எழுதியது நான். பெயர், தேதி, நேரம் மூன்றும் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். தமிழில் நான் எழுதினேன், அதற்குக் கீழே இங்கிலீஷில் பாஸ்கர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து எழுதினேன்:

"வைரவன், 20-7-2007, மதியம் 1.15. முதல் வரியில் இருப்பது என் தங்கச்சி. இந்தப் பெட்டியை வைத்தவன் அவள் புருஷன். 10-2-2007 அன்று நாலு மணிக்கு வருகிறேன் என்று பனிக்காட்டில் அவளை இறக்கிவிட்டுப் போனான். மூன்று நாற்பதுக்கு ஒரு பெட்டி, நாலரைக்கு ஒரு பெட்டி, ஐந்து இருபதுக்கு ஒரு பெட்டி எடுத்தான். அவள் எடுத்ததையும் தன் பெயரில் எழுதிக்கொண்டான். படிக்கிறவர்கள் அவள் பெயரை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போங்கள்."

அதை முதல் வரிக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். திறந்தால் இரண்டும் சேர்ந்தே தெரியும். மூன்று பாலிதீன் உறை போட்டுச் சுற்றியிருக்கிறேன், சொட்டு ஈரம் போகாது. இனி ஒரு வெள்ளிக்கிழமை கூடத் தவற மாட்டேன். நீங்கள் கேட்டபடி பார்த்துக்கொள்கிறேன். இணையத்தில் பெட்டியை எடுத்துவிட்டதாக நீங்கள் போட்டாலும், பெட்டி அங்கேயேதான் இருக்கும்.

நவம்பரில் எதற்கு வருகிறீர்கள் என்று உங்கள் அம்மாவே சொன்னார்கள். பெண் லால்குடியாம், பெயர் நாகஜோதியாம். அந்தப் பிள்ளையையும் இந்த வழியாகத்தான் கூட்டிப்போவீர்கள். நான் விமான நிலையத்துக்கு வருகிறேன், முறைப்படி. முகம் சுளிக்க மாட்டேன். மூவருமாக ஜுமைராவுக்குப் போவோம். பாறைச் சந்திலிருந்து டப்பாவை நானே எடுத்துக் கொடுப்பேன்.

புதுப் பெண் அல்லவா, ஆசையாக நோட்டைத் திறக்கும். தன் பெயரை எழுத இடம் தேடும்.

வைரவன்